கோடைக்கால பிரெஞ்சு முதுகலைப் படிப்பு: ஆறு வாரம் தங்கிப் படிக்க ஆயத்தமாவது எப்படி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரி 1915-இல் ஜெர்மன் மொழிக்கென ஒரு கோடைக்காலப் பள்ளியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1916-இல், பிரெஞ்சுப் பள்ளியும் அதனுடன் சேர்ந்தது. முதுகலை மாணவர்கள் அங்கே ஆறு வாரம் வளாகத்திலேயே தங்கி, வழக்கமாக மூன்று பாடங்களைப் படிக்கிறார்கள். சேர்ந்ததும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: படிப்பு முடியும்வரை பிரெஞ்சு தவிர வேறு மொழியில் பேசுவதில்லை. இது வகுப்பறைக்கு மட்டுமான விதியன்று. உணவுக்கூடத்திலும், விடுதி நடையிலும், பந்து விளையாடும்போதும் இதுவே விதி. மீறினால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படவும் கூடும். இந்தப் படிப்பின் உண்மையான பயன் வகுப்பறைக்கு வெளியே கழியும் நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சேர விரும்புகிறவர்கள் பாடங்களுக்குத் தயாராவதைப் போலவே, சொல்லப்போனால் அதைவிடக் கூடுதலாக, அந்த நேரத்துக்கும் தயாராக வேண்டும்.

முதலில் பாதையைத் தெரிவு செய்து கொள்ளுங்கள். முதுகலைப் பட்டத்துக்குப் பன்னிரண்டு அலகுகள் தேவை. கோடைக்கு மூன்று வீதம் நான்கு கோடைகளில் அவற்றை முடிக்கலாம். அல்லது ஒரு கோடை மிடில்பரியில் படித்துவிட்டு, அதைத் தொடர்ந்து ஒரு கல்வியாண்டைப் பாரிஸில் படித்து முடிக்கலாம். பள்ளியிலோ கல்லூரியிலோ பணியாற்றுகிறவர்களுக்கு நான்கு கோடைப் பாதையே பொருந்தும். ஓராண்டு விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் பாரிஸைத் தயங்காமல் தெரிவு செய்யலாம். இலக்கியம், பண்பாட்டு வரலாறு, மொழியியல், கற்பித்தல் முறை ஆகிய எல்லாமே பிரெஞ்சிலேயே நடத்தப்படுவதால், மொழித்திறனை ஆறு நிலைகளாக வகுக்கும் ஐரோப்பியப் பொது அளவுகோலின்படி நான்காவதான பி2 நிலையைத் தாண்டியவர்கள்தான் இதில் மூச்சுத் திணறாமல் படிக்க முடியும். அந்த நிலையை எட்டாதவர்களுக்கு அதே வளாகத்தில் முதுகலை அல்லாத ஏழு வாரப் படிப்பு உண்டு. ஒரு கோடையை அதில் செலவிடுவது எவ்வகையிலும் பின்னடைவு ஆகாது.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே காதைப் பழக்கத் தொடங்குங்கள். பிரான்ஸின் பன்னாட்டு வானொலியான ஆர்.எஃப்.ஐ. எளிய பிரெஞ்சில் வழங்கும் பத்து நிமிடச் செய்தியில் தொடங்கி, அது முழுவதும் புரியத் தொடங்கியவுடன் அதை விட்டுவிட்டு, இருவர் மூவர் குறுக்கிட்டுப் பேசும் விவாதங்களுக்குச் செல்லுங்கள். ஏனெனில் உணவு மேசையில் உங்கள் காதில் விழப்போவது செய்தி வாசிப்பன்று, குறுக்கீடுதான். பாடங்களுக்கான நூல் பட்டியல் கிடைத்தவுடன் நெடிய நூல்களை ஊரிலேயே ஒருமுறை படித்து முடித்துவிடுங்கள். நாவல்களில் வரும் பாஸே சாம்ப்ல் என்னும் இறந்தகால வடிவம் பேச்சில் அநேகமாக வராது என்பதால், பலர் அதைச் சரியாகக் கற்காமலே வந்து, பக்கத்துக்குப் பக்கம் தடுமாறுகிறார்கள். இருமொழி அகராதியை மூடி வைத்துவிட்டு, பிரெஞ்சுக்குப் பிரெஞ்சிலேயே பொருள் தரும் அகராதிக்குப் பழகுங்கள். பதினாறு தொகுதிகளாக வெளிவந்த பிரெஞ்சு மொழிக் கருவூல அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் சில இயல்பான வசதிகள் இருக்கின்றன. பிரெஞ்சின் மூக்கொலி உயிரொலிகள் பலரை அச்சுறுத்துகின்றன. ஆனால் நாம் நாள்தோறும் அவற்றுக்கு நெருங்கிய ஒலிகளை எழுப்புகிறோம். ‘மரம்’ என்பதை வேகமாகப் பேசும்போது கடைசி மகரம் உதட்டில் முடியாமல் மூக்கில் கரைகிறதல்லவா, ‘நல்ல’ என்று பொருள்படும் ‘போன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலி ஏறக்குறைய அதுதான். பேச்சில் ‘வந்தான்’ முடிவதைப் போலவே, ‘காலம்’ என்று பொருள்படும் ‘தான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் முடிகிறது. ‘வந்தேன்’ முடிவதைப் போல, வாயைச் சற்றே கூடுதலாகத் திறந்தால், திராட்சை மதுவைக் குறிக்கும் ‘வேன்’ வந்துவிடும். மூன்றும் முடியும்போது நாக்கு நுனி எங்கும் தொடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘தியு’, ‘வூ’ என்பவை புதிதல்ல. அதைவிட முக்கியமானது, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு என்பது நமக்கு இயல்பாகவே தெரியும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு எழுத்தில் ‘ஜ ந ஸே பா’ என்று இருப்பது பேச்சில் ‘ஷே பா’ என்று சுருங்குவதைக் கண்டு நாம் திகைக்க வேண்டியதில்லை. மாலையில் ஒன்றும் காலைக் கட்டுரையில் மற்றொன்றும் என்று இரண்டையும் தனித்தனியே பழகிக்கொண்டால் போதும். நமக்குத் தொல்லை தருவது வேறொன்று: நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, பிரெஞ்சிலோ ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், முன்னே வரும் ‘அன்’ அல்லது ‘யுன்’ உடன் சேர்த்து ஒரே சொல்லாகக் கற்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, சொல் கிடைக்காமல் நிற்கும் கணத்துக்கு வருவோம். விடுதிக்கு வந்த முதல் நாள் மாலை, சட்டையை அலமாரியில் தொங்கவிடும் மாட்டி வேண்டும். அதற்குப் பிரெஞ்சில் என்னவென்று தெரியவில்லை. ஆங்கிலச் சொல் நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது. அப்போது ‘ல த்ரியூக் பூர் அக்ரோஷே லே ஷெமீஸ்’, அதாவது ‘சட்டை மாட்டுகிற அந்த இது’ என்று சொல்லிவிட வேண்டும். எதிரே நிற்பவர் ‘ஆ, அன் சேன்த்ர்!’ என்பார். அப்படிக் கிடைத்த சொல் அதன் பிறகு மறக்கவே மறக்காது. ‘த்ரியூக்’, ‘ஷோஸ்’ போன்ற பொதுச் சொற்களையும், ‘அது எதற்குப் பயன்படும்’, ‘அதற்கு நேர்மாறானது’ என்று விளக்கும் தொடர்களையும் ஊரிலேயே வாய்விட்டுப் பழகிக்கொண்டு போங்கள். நூறு கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இது கைகொடுக்கும்.

கட்டுரை எழுதுவதில் ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சுக் கல்வி மரபில் ‘திஸர்தாசியோன்’ என்னும் கட்டுரைக்குக் கட்டுப்பாடான வடிவம் உண்டு. கொடுக்கப்பட்ட கூற்றிலிருந்து ஒரு கேள்வியை எழுப்பி, இரண்டு அல்லது மூன்று பகுதிகளில் அதை நகர்த்திச் சென்று விடை காண வேண்டும். கருத்தை முதல் வரியிலேயே அறிவித்துவிட்டுச் சான்றுகளை அடுக்குவது அங்கே எடுபடாது. ஒரு பத்தியை வரிவரியாக விளக்கும் பயிற்சிக்கும் தனி முறை இருக்கிறது. இந்த இரண்டிலும் தலா மூன்று கட்டுரைகளையேனும் எழுதிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

அங்கே போன பிறகு, இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் ஒரு களைப்பு வரும். நினைப்பதில் பாதியைக்கூடச் சொல்ல முடியாதபோது, தம் அறிவே குறைந்துவிட்டதாகத் தோன்றும். அப்போது அறைக்குள் ஒதுங்கிவிடாதீர்கள். நாடகம், பாடற்குழு, கால்பந்து என்று ஏதேனும் ஒன்றில், ஒன்றே ஒன்றில், தவறாமல் கலந்து கொள்ளுங்கள். கைகால்கள் வேலை செய்யும்போது நாக்கும் இலகுவாகிறது. இரவில் நன்றாக உறங்குங்கள். வாரத்தில் எந்த நேரம், எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாலையும் வரும் அழைப்பு உங்களை மறுபடியும் தமிழுக்குள் கொண்டு வந்துவிடும். அங்கே இன்னொரு தமிழரைச் சந்தித்தால் உறுதிமொழியைக் காப்பது மிகவும் கடினம். முதல் நாளிலேயே இருவரும் பிரெஞ்சில் பேசிப் பழகிவிடுங்கள். ஒரு மொழியில் தொடங்கிய நட்பை இன்னொரு மொழிக்கு மாற்றுவது எளிதன்று.

படுக்கப் போகுமுன் அன்று சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன மூன்று செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் காலை உணவின்போது அவற்றை யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நான்கு கோடைப் பாதையில் இருப்பவர்கள் அந்தக் குறிப்பேட்டை ஆகஸ்டில் மூடிவிட வேண்டாம். உடன் படித்தவர்களில் ஒருவரோடு வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், பிரெஞ்சில் மட்டும் தொலைபேசியில் பேசுவது என்று புறப்படும் நாளிலேயே முடிவு செய்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புங்கள்.