'கவலைதான் பரப்பிவிட்டது' என்று சொல்லும் முன்

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "மனசுலேயே எல்லாத்தையும் போட்டுப் புழுங்கினா இப்படித்தான்." முதல் தவறே இதுதான். இப்போதெல்லாம் இதற்கு அறிவியல் ஆதாரம் வேறு காட்டுகிறார்கள்.

அந்த ஆதாரம் பெரும்பாலும் எரிக்கா ஸ்லோனும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட எலி ஆய்வு. மார்பகப் புற்றுக்கட்டி உள்ள எலிகளை மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் நோய் பரவுவது 30 மடங்கு கூடியது. இந்த 30 மட்டும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. மார்பில் முதலில் தோன்றிய கட்டியின் வளர்ச்சி பெரிதாக மாறவில்லை என்று அதே ஆய்வு சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மன அழுத்தம் கட்டியை உண்டாக்குகிறதா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. எலியின் 30 மடங்கை அப்படியே ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது அநியாயம்.

சரி, உள்ளே நடப்பது என்ன? மன அழுத்தத்தின்போது ஊறும் ஹார்மோன்களான அட்ரினலினும் நார்அட்ரினலினும் செல்களில் உள்ள பீட்டா ஏற்பிகளில் பொருந்தினால்தான் அவற்றின் செய்தி உள்ளே போகும். ஏற்பியை அடைத்துவிட்டால் ஹார்மோன் ஊறினாலும் செய்தி சேராது. 'பீட்டா பிளாக்கர்' வகையைச் சேர்ந்த புரோப்ரனோலால் என்ற பழைய இதய மாத்திரை செய்வது இதைத்தான். அதைக் கொடுத்ததும் எலிகளில் அந்தக் கூடுதல் பரவல் தடுக்கப்பட்டது.

உடனே மருந்துக்கடைக்கு ஓடுவது அடுத்த தவறு, ஆபத்தானதும்கூட. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். சுகருக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். தொடர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. 'வீட்டில் அட்டெனோலால் இருக்கிறதே, அதுவும் பீட்டா பிளாக்கர்தானே' என்பதும் சரிவராது. அது முக்கியமாக இதயத்தின் பீட்டா 1 ஏற்பியை அடைப்பது. புற்றுநோய் ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது பீட்டா 2 என்ற இன்னொரு வகை ஏற்பி.

மனிதர்களில் நடந்த சோதனையையும் கூட்டிச் சொல்லக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 60 பெண்களுக்கு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஒரு வாரம் புரோப்ரனோலாலோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. மருந்து எடுத்தவர்களின் கட்டியில், பரவலோடு தொடர்புள்ள மரபணுச் செயல்பாடு குறைந்திருந்தது. நல்ல அறிகுறிதான். ஆனால் ஆயுள் கூடுமா என்பதற்கு அந்த ஒரு வாரச் சோதனை பதில் சொல்லாது. இதை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போடுவது பெரிய முட்டாள்தனம்.

அப்புறம் டெக்சாமெத்தசோன் என்ற, கார்ட்டிசால் போலச் செயல்படும் ஸ்டீராய்டு மருந்து. 2019இல் வந்த இன்னொரு எலி ஆய்வு, கார்ட்டிசால் வகை மன அழுத்த ஹார்மோன்களும் பரவலைத் தூண்டலாம் என்றது. அதைப் படித்துவிட்டுக் கீமோ நாளில் தரும் ஸ்டீராய்டை 'வேண்டாம்' என்று மறுத்துவிடாதீர்கள். வாந்தியையும், பக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளால் வரக்கூடிய கடுமையான ஒவ்வாமையையும் தடுக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். கேள்வி இருந்தால் மருந்து ஏற்றும் அன்று காலை நர்ஸிடம் வாதாடாமல், முந்தைய ஓபியிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பிரஷருக்கோ தலைவலிக்கோ ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் என்றால், அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.