பிஎல்சி பயிற்சி: மோட்டார் ஓடிவிட்டது, அப்புறம்?

பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) பழகுகிறவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் லேடர்தான், அதாவது ஏணி வடிவில் வரையும் புரோகிராம். சிமுலேட்டரில் மோட்டார் ஓடியதும், 'இது முடிந்தது' என்று டிராஃபிக் சிக்னலுக்குத் தாவிவிடுகிறார்கள். சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். கோளாறு வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் வருகின்றன.

ஸ்டாப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். பேனலில் அது என்சி பட்டன், அதாவது அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது. அழுத்தாதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், அதாவது பிட் 1. 'ஸ்டாப்தானே' என்று லேடரிலும் என்சி காண்டாக்ட் போட்டால், பிட் 1 ஆக இருப்பதால் அந்தக் காண்டாக்ட் திறந்தே கிடக்கும். ஸ்டார்ட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் அசையாது. அப்போது பலர் செய்வது, பட்டனைக் கழற்றிவிட்டு என்ஓ பட்டன் (அழுத்தினால் மட்டும் மூடுவது) மாட்டுவது. மோட்டார் ஓடும், நிற்கும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஒயர் அறுந்த நாளில் ஸ்டாப்பை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. பட்டன் என்சி ஆகவே இருக்கட்டும், லேடரில் என்ஓ காண்டாக்ட் போடுங்கள். ஒயர் அறுந்தால் பிட் 0 ஆகி மோட்டார் தானாக நிற்கும். பயிற்சி போர்டில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பு வைத்து, அது எரியும்போது ஸ்டாப் இன்புட் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் வேறு விஷயம்: அதை லேடரை மட்டும் நம்பி விடக்கூடாது. சேஃப்டி ரிலே வழியாக காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்ச்) காயிலின் சப்ளையையே அது வெட்ட வேண்டும். பிஎல்சிக்குத் தகவல் போனால் போதும்.

அடுத்தது ஒரே அவுட்புட்டை இரண்டு இடத்தில் எழுதுவது. மேனுவல் ரங்கில் (ரங் என்பது லேடரின் ஒரு வரி) ஒரு ஒய்0 (மோட்டாரின் அவுட்புட்), ஆட்டோ ரங்கில் இன்னொரு ஒய்0. பிஎல்சி இன்புட்டைப் படித்து, புரோகிராமை மேலிருந்து கீழாக ஓட்டி, கடைசியில்தான் அவுட்புட்டை மாற்றும். இந்த ஒரு சுற்றுதான் ஸ்கேன். அதனால் கீழே உள்ள ரங் சொன்னதே நிற்கும். மேனுவல் பட்டனை அழுத்தி ரங் முழுக்கப் பச்சையாகத் தெரிந்தாலும் மோட்டார் ஓடாது. ஆள் ஒயரிங்கைச் சந்தேகப்பட்டு அரை நாளைத் தொலைப்பார். மேனுவலுக்கு எம்10, ஆட்டோவுக்கு எம்11 என்று மெமரி பிட் வைத்து, இரண்டையும் இணையாகப் போட்டு ஒரே ஒரு ஒய்0 காயிலில் முடியுங்கள்.

இதே ஸ்கேன்தான் கன்வேயரில் பெட்டி எண்ணும்போதும் காலை வாரும். சென்சார் ஆனில் இருக்கும்போது 1 கூட்டு என்று எழுதினால், ஸ்கேன் 10 மில்லிவினாடி, பெட்டி அரை வினாடி சென்சார் முன்னால் இருந்தால், ஒரு பெட்டிக்கு 50 எண்ணும். ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறும் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். என்கோடர் (சுழற்சியைப் பல்ஸாக மாற்றும் சென்சார்) போல ஸ்கேனைவிட வேகமாக வரும் பல்ஸுக்கு ஹைஸ்பீட் கவுண்டர் இன்புட் தேவை. சாதாரண இன்புட்டில் கொடுத்தால் பல்ஸ் தவறிப்போகும்.

சென்சார் வாங்கும்முன் அது பிஎன்பியா (ஆனில் பிளஸ் தருவது) என்பிஎன்னா (ஆனில் மைனஸ் தருவது), உங்கள் பிஎல்சி இன்புட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள். சிமுலேட்டர் இதைச் சொல்லித்தராது.

மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டாவிலும் சிமுலேட்டர் ஏமாற்றும். அங்கே ஸ்டார் ஆஃப், டெல்டா ஆன் ஒரே நொடியில் அழகாக மாறும். நிஜ காண்டாக்டர் விடுபடச் சில பத்து மில்லிவினாடிகள் ஆகும். இரண்டும் சேர்ந்து பிடித்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட்தான். நடுவே ஒரு சின்ன டைமர் வையுங்கள். காண்டாக்டர்களின் துணை என்சி காண்டாக்ட் வழியாக ஒயரிங்கிலும் இன்டர்லாக் கொடுங்கள், ஒன்று பிடித்திருக்கும்போது மற்றது பிடிக்காதபடி. ஸ்டார் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டு நின்றாலும் லேடருக்கு அது தெரியாது.

தண்ணீர்த்தொட்டி ப்ராஜெக்டை எல்லோரும் செய்கிறார்கள். மேல் சென்சார் 'தண்ணீர் உண்டு' என்றும் கீழ் சென்சார் 'இல்லை' என்றும் சொன்னால், அதாவது ஏதோ ஒரு சென்சார் பொய் சொன்னால், மோட்டாரை நிறுத்தி அலாரம் அடிக்கும் ரங்கை மட்டும் அநேகமாக யாரும் எழுதுவதில்லை.