'தம்பி'க்கு வேர் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொற்பிறப்புக் குறிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்துவது என் வேலை. எழுத்துப்பிழை, சந்திப்பிழையெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். உடன்பிறப்பைக் குறிக்கும் சொற்களில்தான் ஆளாளுக்கு அதே குழியில் விழுகிறார்கள்.

ஓசையை நம்பிப் பிரிப்பது

"தெம்பு தருபவன், ஆகவே தம்பி." ஒரு மலருக்கு வந்த இந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து அனுப்பினேன். 'படிக்க நல்லா இருக்கே' என்று அப்படியே போட்டுவிட்டார்கள். வரி மேடைக்குப் போனது, அங்கிருந்து வாட்ஸப்புக்கு. அடுத்த இதழில் வந்த திருத்தத்தை யார் படித்தார்கள்? இன்றும் யாராவது அதை எனக்கே அனுப்பிவைக்கிறார்கள். எரிச்சல் அடங்கவில்லை.

இத்தனைக்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது. தம்பியைத் தனியே நிறுத்தினால் எந்தக் கதையும் பொருந்தும், கூட்டத்தோடு பாருங்கள். பழைய இலக்கியத்தில் என் தம்பி 'எம்பி', உன் தம்பி 'நும்பி', பிறர் தம்பிதான் 'தம்பி'. அண்ணனுக்கு எம்முன், நும்முன், தம்முன். எம், நும், தம் மாறுகின்றன. முன்னும் பின்னும் அப்படியே நிற்கின்றன. தமக்குப் பின் பிறந்தவன் தம்பி. 'பின்' தேய்ந்து 'பி' ஆகியிருக்கிறது. பெற்றோருக்கும் இதே அமைப்புதான்: குறுந்தொகை 40ஆம் பாட்டில் யாய் (என் தாய்), ஞாய் (உன் தாய்), எந்தை (என் தந்தை), நுந்தை (உன் தந்தை) என்று வரிசையாக வருகின்றன. சரி, தெம்பை வைத்து 'எம்பி'யை விளக்குங்கள் பார்ப்போம்!

'தம்' என்பதன் பொருள் காதில் விழாமல் போனதால்தான் இன்று 'என் தம்பி' என்று கூசாமல் சொல்கிறோம்.

எல்லாச் சொல்லிலும் வயிற்றைத் தேடுவது

சகோதரன் வடசொல். உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன். கிரேக்கத்தின் 'அடெல்ஃபோஸ்' என்ற சொல்லும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான். தம்பி சொல்வது வயிற்றை அல்ல, வரிசையை. சித்தப்பா மகனும் நமக்குத் தம்பிதான். 'சகோதர'னின் நேர்ப்பொருளில் அவனுக்கு இடமில்லை.

பங்காளியில் பாசத்தைத் தேடுவது

பங்கு + ஆளி. சொத்தில் பங்குள்ளவன். அவ்வளவுதான்.

பக்கத்து மொழிகளைப் பார்க்காதது

மலையாளத்தில் தம்பி, கன்னடத்தில் தம்ம, தெலுங்கில் தம்முடு. மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 திருத்தப் பதிப்பில் இவை ஒரே பதிவில் கிடைக்கின்றன. அதைப் புரட்டாமல் எழுதிய குறிப்பு வந்தால் நான் முதல் வரியோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.