ஒரு விரல், ஐந்து தந்தி: ஓப்பன் டியூனிங்கும் கேபோவும் வைத்து ராக் கிட்டார்

போன சித்திரையில் காரைக்குடி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது சித்தப்பா மகன் கிட்டாரோடு வந்திருந்தான். கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆகியும் எஃப் கார்டு (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கொத்து) பிடிக்க வரவில்லை, விரல் நுனி காய்த்துப்போனதுதான் மிச்சம். "அண்ணே, அந்தப் பழைய ராக் பாட்டுல வர்ற மாதிரி கணீர்னு எனக்கு ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டான். அவனை வளவில் தூணோரமாக உட்கார வைத்து, மூன்று தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, "எதையும் பிடிக்காம ஒரு தடவை மீட்டு" என்றேன். மீட்டினான். அந்த நாதம் தூண்களில் பட்டு அடங்கவே சில விநாடிகள் ஆயின. இரண்டாம் கட்டில் இருந்த அப்பத்தா எட்டிப் பார்த்து, "இப்பத்தான்டா சுருதி சேந்துருக்கு" என்றார்.

கிட்டார் தெரியாத அப்பத்தா சொன்னதில்தான் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது. ஓப்பன் டியூனிங் என்பது சுருதி சேர்ப்பது. கேபோ என்பது, தந்திகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை வைத்துக் கட்டை (சுருதியின் உயரம்) மாற்றுவது. இந்த இரண்டும் நமக்குப் புதிதே இல்லை. வீணையின் வாசிப்புத் தந்திகள் நான்கும் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும்தானே நிற்கின்றன? சாம்பசிவ ஐயர், சுப்பராம ஐயர் என்ற வீணை சகோதரர்கள் தங்கள் பெயரோடு சேர்த்து உலகுக்குக் காட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, இதை வெளிநாட்டு வித்தை என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

தேவையானவை: இரும்புத் தந்தி போட்ட ஏதாவது ஒரு கிட்டார், போனில் ஒரு டியூனர் ஆப், ஒரு கேபோ. கேபோவில் கிளிப் மாதிரி ஸ்பிரிங் வைத்தது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும்.

முதலில் ஓப்பன் ஜி

தந்திகளை எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மிக மெல்லியது ஒன்றாம் தந்தி, மிகத் தடித்தது ஆறாம் தந்தி. வழக்கமான டியூனிங்கில் ஆறிலிருந்து ஒன்று வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதை அப்படியே மீட்டினால் உருப்படியான கார்டு எதுவும் வராது. ஓப்பன் ஜி-யில் ஆறும் சேர்ந்து ஒரே கார்டாக ஒலிக்கும்: டி, ஜி, டி, ஜி, பி, டி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஆறாம் தந்தி: ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள்.
ஐந்தாம் தந்தி: ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்குங்கள்.
ஒன்றாம் தந்தி: ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள்.

நடுவில் உள்ள மூன்றையும் தொடவே வேண்டாம். மூன்று தந்தியும் இறங்கத்தான் செய்கிறது என்பதால் அறுந்துபோகும் என்ற பயமும் இல்லை.

ஆப் பார்த்து டியூன் செய்யலாம், தவறில்லை. ஆனால் ஐந்தாம் தந்தியையாவது ஒரு தடவை காதால் சேர்த்துப் பாருங்கள். அதன் 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட், தலைப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்) நேர் மேலே விரலை அழுத்தாமல் சும்மா தொட்டு, மீட்டி, விரலை எடுத்துவிடுங்கள். மணி மாதிரி ஒரு ஒலி வரும். அது நிற்பதற்குள் மூன்றாம் தந்தியை மீட்டுங்கள். இரண்டும் சேராமல் இருந்தால் ஒலி "வாவ்... வாவ்..." என்று அலையடிக்கும். விநாடிக்கு எத்தனை அலையோ அத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம். கீ-யை (கிட்டாரின் தலையில் தந்தியை முறுக்கும் திருகு) மெதுவாகத் திருப்பினால் அலை நீண்டு நீண்டு போய், ஓர் இடத்தில் நின்றே விடும். அந்த இடம்தான் ஜி. தம்புராவுக்குப் பிரடை திருகிப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை, மற்றவர்களுக்கு ஒரு வாரம் பிடிக்கும். டியூன் செய்யும்போது இன்னொரு பழக்கமும் வேண்டும். இறக்கும்போது வேண்டிய சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டு, அங்கிருந்து ஏற்றிச் சேருங்கள். இறங்கும் திசையிலேயே நிறுத்தினால் கீ-யின் பல் சக்கரத்தில் தளர்ச்சி மிச்சமிருக்கும், நாலு தடவை மீட்டியதும் சுருதி நழுவிவிடும்.

சேர்ந்துவிட்டதா? ஜி-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் இப்போது உங்கள் கிட்டார் ஆறிலிருந்து ஒன்று வரை ப, ச, ப, ச, க, ப என்று நிற்கிறது. அந்த க அந்தர காந்தாரம்.

பாருங்கள், ஆறாம் தந்தி பஞ்சமத்தில் நிற்கிறது. ஷட்ஜத்துக்குக் கீழே அந்தப் பஞ்சமம் உறுமினால் கார்டு கொஞ்சம் மந்தமாகிவிடும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்தத் தந்தியைக் கழற்றியே போட்டுவிட்டு, ஐந்து தந்தியோடுதான் இந்த டியூனிங்கை வாசித்தார். 1969இல் வந்த 'ஹோங்கி டோங்க் விமன்' பாட்டின் கிட்டார் இந்த டியூனிங்தான். நீங்கள் கழற்ற வேண்டாம், இப்போதைக்கு ஆறாம் தந்தியைத் தவிர்த்து மீட்டினால் போதும்.

ஒரே விரலில் மூன்று கார்டு

எதையும் பிடிக்காமல் மீட்டினால் ஜி. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து 5ஆவது ஃப்ரெட்டில் ஐந்து தந்திகளையும் அழுத்தினால் சி. அதே விரல் 7ஆவது ஃப்ரெட்டுக்குப் போனால் டி. ச, ம, ப என்ற மூன்று இடங்கள். புளூஸும் பழைய ராக்கும் பெரும்பாலும் இந்த மூன்று இடத்துக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும்.

விரலை அழுத்துவதில் ஒரு நுணுக்கம். விரலின் உள்பக்கச் சதை மெத்தென்று இருப்பதால் தந்தி அதில் புதைந்துவிடும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, எலும்பு இருக்கும் ஓரத்தால் அழுத்துங்கள். ஃப்ரெட் கம்பியை ஒட்டியே விரல் இருக்கட்டும். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் வேண்டும், ஒலியும் கரகரக்கும்.

பயிற்சிக்கு 12 பார் புளூஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு எண்ணிக்கை ஒரு பார். ஜி நான்கு பார், சி இரண்டு, ஜி இரண்டு, டி ஒன்று, சி ஒன்று, ஜி இரண்டு. இதை நிற்காமல் பத்து சுற்று வாசிக்க வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ராக் ஒலி பிறக்கும் இடம்

இந்தப் பகுதிக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் ஏற்பாடு, பாட்டு இதில்தான் இருக்கிறது.

5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தபடியே, நடுவிரலை இரண்டாம் தந்தியின் 6ஆவது ஃப்ரெட்டிலும், மோதிர விரலை நான்காம் தந்தியின் 7ஆவது ஃப்ரெட்டிலும் வையுங்கள். ஒன்றாம் தந்தியை விட்டுவிட்டு, ஐந்திலிருந்து இரண்டு வரை மட்டும் மீட்டுங்கள். அப்புறம் அந்த இரண்டு விரல்களை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து.

கேட்டீர்களா? நடந்தது என்ன என்றால், சி-யை ஷட்ஜமாகக் கொண்டால், விரல் வைத்ததும் பஞ்சமம் தைவதத்துக்கும் காந்தாரம் மத்தியமத்துக்கும் ஏறுகின்றன. எடுத்ததும் இரண்டும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அடியில் ஷட்ஜம் அசையாமல் நிற்கிறது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதி பிடிக்கும் ஒத்து நிற்பது போல. கீழே அசையாத ஒன்று இருப்பதால்தான் மேலே நடக்கும் சின்ன அசைவு அவ்வளவு கம்பீரமாகத் தெரிகிறது. 1981இல் வந்த 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டின் தொடக்கத்தைத் தேடிக் கேளுங்கள். 5ஆவது ஃப்ரெட்டில் நீங்கள் இப்போது செய்த இதே வேலைதான். அதே விரல் அமைப்பை 3ஆவது ஃப்ரெட்டுக்கும் நகர்த்திப் பாருங்கள், அந்தப் பாட்டு தானாக எட்டிப் பார்க்கும்.

வலது கைக்குத் தகதிமி போதும். 'த' என்னும்போது வெறும் சி, 'க' மௌனம், 'தி' என்னும்போது இரண்டு விரல்களும் வைத்து ஒரு மீட்டல், 'மி' என்னும்போது மறுபடி வெறும் சி. மௌனம் என்றால் நிஜமாகவே மௌனம். இடது கையை தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் ஒலி சட்டென்று நின்றுவிடும். புதிதாகப் படிப்பவர்கள் எல்லா இடத்தையும் மீட்டி நிரப்பிவிடுகிறார்கள். சித்தப்பா மகனும் அப்படித்தான் செய்தான். அந்த 'க'-வை விடச் சொன்னதும் அவன் வாசிப்பே மாறிவிட்டது.

கேபோ, அதாவது கட்டை

பாட ஆரம்பித்ததும் அடுத்த சிக்கல் வரும். ஓப்பன் ஜி நம் கணக்கில் 5 கட்டை. உங்கள் குரல் அங்கே நிற்காவிட்டால்? ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றி வாசிப்பார். கிட்டாரில் அதைச் செய்வது கேபோ.

ஒரு ஃப்ரெட்டுக்கு அரை ஸ்வரம் ஏறும். ஓப்பன் ஜி-யில் 1ஆவது ஃப்ரெட்டில் கேபோ போட்டால் ஐந்தரைக் கட்டை, 2இல் போட்டால் 6 கட்டை, 3இல் ஆறரை, 4இல் 7 கட்டை, 5இல் போட்டால் மேல் 1 கட்டை. ரிச்சர்ட்ஸ் 1972இல் பாடிய 'ஹேப்பி' பாட்டில் ஓப்பன் ஜி-யோடு 4ஆவது ஃப்ரெட்டில் கேபோ, ஆக அது 7 கட்டைப் பாட்டு. கேபோ போட்ட பிறகு அதையே பூஜ்யம் என்று வைத்து எண்ணுங்கள். 2இல் கேபோ என்றால் பழைய 5ஆவது ஃப்ரெட் வேலை 7ஆவது ஃப்ரெட்டில் நடக்கும்.

போடும்போது ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால், கம்பிக்கு இணையாகப் போடுங்கள். கோணலாகப் போட்டால் ஒரு பக்கத் தந்திகள் ஸ்வரம் ஏறிவிடும். போட்டதும் டியூனிங்கைச் சரிபார்க்காமல் வாசிக்கவே வாசிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கழற்றி கிட்டாரின் தலையில் மாட்டிவிடுங்கள், இராத்திரி முழுக்கத் தந்தியை நெரித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஓப்பன் டியூனிங்குக்குத்தான் கேபோ என்று இல்லை. பீட்டில்ஸின் 1969 ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் த சன்' சாதாரண டியூனிங்தான், 7ஆவது ஃப்ரெட்டில் கேபோ. விரல் பிடிப்பது டி கார்டு, கேட்பது ஏ. அவ்வளவு மேலே போனதால்தான் அந்தக் கிட்டார் மாண்டலின் மாதிரி மினுங்குகிறது.

ஓப்பன் டி, அப்புறம் ஒரு எச்சரிக்கை

ஓப்பன் டி-க்கு, சாதாரண டியூனிங்கிலிருந்து ஆறாம் தந்தியை டி-க்கும், மூன்றாம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கும், இரண்டாம் தந்தியை ஏ-க்கும், ஒன்றாம் தந்தியை டி-க்கும் இறக்குங்கள். ஆறிலிருந்து ஒன்று வரை ச, ப, ச, க, ப, ச. இதில் ஆறாம் தந்தியே ஷட்ஜம் என்பதால் ஆறையும் தாராளமாக மீட்டலாம். மூன்று கார்டுகளும் முன்போலவே: வெறுமனே, 5, 7.

ராக் பாட்டுப் புத்தகங்களில் ஓப்பன் ஈ என்று ஒன்று அடிக்கடி வரும். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டுவேன் ஆல்மன், நம் கோட்டு வாத்தியம் போல, கண்ணாடி மருந்துக் குப்பியை விரலில் மாட்டித் தந்தி மேல் வழுக்கி வாசித்தது அதில்தான். அதற்கு மூன்று தந்திகளை ஏற்ற வேண்டும். ஒரு ஸ்வரம் முழுதாக ஏற்றினால் தந்தியின் இழுவிசை 26 சதவீதம் கூடும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்காம் தந்தி அறுந்து கன்னத்தில் கீறிவிட்டது, கண்ணுக்கும் காயத்துக்கும் ஒரு அங்குலம்தான். அதனால் நான் யாருக்கும் ஓப்பன் ஈ சொல்லித் தருவதில்லை. ஓப்பன் டி-யில் 2ஆவது ஃப்ரெட்டில் கேபோ போடுங்கள். 2 கட்டை 3 கட்டை ஆகிவிடும், அதுவே ஓப்பன் ஈ.

காது கூர்மையானவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டியூனர் காட்டும் காந்தாரம், தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஓப்பன் ஜி-யில் இரண்டாம் தந்தியையும், ஓப்பன் டி-யில் மூன்றாம் தந்தியையும் ஒரு மயிரிழை இறக்கிப் பாருங்கள், வெறும் கார்டு இன்னும் நன்றாக ஒட்டும்.

வெயில் காலத்தில் கிட்டாரை முற்றத்து ஓரம் சாய்த்து வைக்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் தந்தி தளர்ந்து சுருதி போவது மட்டுமல்ல, பிரிட்ஜில் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பசையே விட்டுவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த உள் அறை குளுமையாக இருக்கும், அங்கே வையுங்கள்.

திரும்பச் சாதாரண டியூனிங்குக்கு ஏற்றும்போது ஒவ்வொரு தந்தியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். ஒன்றை ஏற்றினால் மற்றவை சற்று இறங்கும். இப்படி ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் தந்தி சீக்கிரம் சோர்ந்துவிடும். வீட்டில் பழைய கிட்டார் ஒன்று சும்மா கிடந்தால் அதை நிரந்தரமாக ஓப்பன் ஜி-யில் விட்டுவிடுங்கள். சித்தப்பா மகன் பரணிலிருந்து ஒன்றை இறக்கித் துடைத்து, ஆறாம் தந்தியைக் கழற்றிப் போட்டு, அப்படித்தான் வைத்திருக்கிறான். கேபோ இப்போது 5ஆவது ஃப்ரெட்டில், அவன் குரலுக்கு 1 கட்டை.