நாலு பாணி, ஒரே ஆல்பம்: சொந்தமாகத் தயாரிக்கும் பேண்டுகளுக்கு

நாலு பேர் சேர்ந்த பேண்ட். ஒருவருக்கு நாட்டுப்புற மெட்டு உயிர், இன்னொருவர் எலக்ட்ரானிக் பைத்தியம், டிரம்மர் ராக்கைத் தவிர எதையும் மதிப்பதில்லை, பாடுபவருக்கு நல்ல பாப் பல்லவி இருந்தால் போதும். தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் இவர்களே ஆல்பம் போட முடியுமா? நாங்கள் போட்டோம். முதல் முயற்சியைக் கேட்டவர்கள், வானொலியில் யாரோ ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து கற்றது ஒன்றுதான்: பாணிகளை ரெக்கார்டிங் தொடங்கும் முன்பே, தாளத்திலும் அரேஞ்ச்மென்டிலும் (எந்த வாத்தியம் எங்கே வரும் என்பதில்) கலந்துவிட வேண்டும். பதிந்த ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேறாது. அதனால்தான் முதல் இரண்டு படிகளை விரிவாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எது மாறாது என்று எழுதிவையுங்கள்

ஆல்பம் முழுக்க மாறாமல் இருக்கப்போகிற மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தவை: எல்லாப் பாட்டிலும் ஒரே முன்னணிக் குரல், அதுவும் ஒரே மைக்கில், எதிரொலி அதிகம் சேர்க்காமல்; கைதட்டல் எல்லாம் நாங்களே ஒரே அறையில் தட்டியது; ஒரே கீபோர்டின் ஆர்கன் ஒலி ஒவ்வொரு பாட்டிலும் ஒரு இடத்திலாவது. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். காது இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தப் பாணி வீட்டுக்காரர், எது விருந்தாளி என்று குறியுங்கள். தாளமும் பேஸும் (அடியில் ஓடும் தாழ்ந்த சுருதி இசை) வீட்டுக்காரருடையவை. விருந்தாளி ஒரு வாத்தியமாகவோ, ஒரு இடையிசையாகவோ வந்து போகலாம். ஒரு பாட்டுக்கு ஒரு விருந்தாளி போதும். மூன்று பேர் வந்தால் வீட்டுக்காரருக்கே உட்கார இடம் இருக்காது.

படி 2: தாளத்தை ஒட்டுங்கள்

ஒரு உதாரணம் பார்ப்போம். ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக ஓடும் 6/8 தாளம் ஒன்று. நாலு அடியும் சமமாக இடிக்கும் எலக்ட்ரானிக் கிக் (பெரிய டிரம்மின் ‘தும்’ ஒலி) இன்னொன்று. இரண்டும் ஒரே பாட்டில் வேண்டும்.

ரெக்கார்டிங் மென்பொருளில் புது புராஜெக்டை 4/4, டெம்போ 92 (நிமிடத்துக்கு 92 அடி) என்று வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு கிக். ஒவ்வொரு ‘தகிட’வின் ‘த’வும் சரியாக அந்தக் கிக் மேல் விழ வேண்டும். ஒரு பாரில் (நாலு அடி கொண்ட ஒரு சுற்றில்) நாலு தகிட, ஆக 12 எழுத்து. 6/8 கணக்கில் இது இரண்டு பார். இப்போது கிரிட்டை (திரையில் நேரத்தைப் பிரிக்கும் கோடுகளை) 1/8 ட்ரிப்லெட்டுக்கு, அதாவது அடிக்கு மூன்றுக்கு மாற்றி, ஹை-ஹாட் தட்டையும் சிந்தசைசரையும் (சுருக்கமாக ‘சிந்த்’) அதிலேயே போடுங்கள்.

வழுக்கும் இடம் ஆர்பெஜியேட்டர், பிடித்த சுரங்களைத் தானே ஒவ்வொன்றாக வாசிக்கும் கருவி. அது பெரும்பாலும் 1/16-இல்தான் திறக்கும், அதாவது அடிக்கு நாலு, ‘தகதிமி’. கீழே மூன்று, மேலே நாலு. வேண்டுமென்றே செய்தால் அந்த உரசல் அழகு. கவனிக்காமல் விட்டால் பாட்டு நொண்டும். சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, காலால் கிக்கைத் தட்டிக்கொண்டே வாயால் தகிட சொல்லிப் பாருங்கள். வாயில் நிற்காதது திரையிலும் நிற்காது.

படி 3: போனில் டெமோ

ஒரு குரல், ஒரு வாத்தியம், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பல்லவி நினைவில் இல்லாத பாட்டைத் தள்ளிவிடுங்கள். நாங்கள் 14-இல் 5 பாட்டைத் தள்ளினோம். அதில் ஒன்று என் செல்லப் பாட்டு. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

படி 4: ரெக்கார்டிங்

கம்ப்யூட்டர், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி), காதை மூடும் ஹெட்ஃபோன், ஒரு டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடினால் அறையின் எதிரொலி குறைவாகவே நுழையும். சாதாரண அறையில் கண்டென்சர் மைக் அந்த எதிரொலியையும் சேர்த்தே பிடிக்கும். மென்பொருளுக்கு, மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். மற்றவர்கள் ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் முயன்று பார்க்கலாம்.

எல்லோரும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் மாதிரி) என்று ஒரே அமைப்பில் பதிவு செய்யுங்கள். எங்கள் கிட்டாரிஸ்ட் தன் வீட்டில் 44.1-இல் பதிந்து அனுப்பினார். அதை மாற்றாமல் 48 புராஜெக்டில் அப்படியே ஓட்டியதில் வேகம் கூடி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையே உள்ள தூரம் ஒரு செமிடோன்) மேலே போய்விட்டது. ட்யூனிங் சரியில்லை என்று அவரோடு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டேன்.

பதியும்போது உச்ச அளவு -10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் கொஞ்சம் மெதுவாகப் பதிவதால் நஷ்டமில்லை. உடைந்த ஒலியைச் சரிசெய்வது பெரும்பாடு. ஹெட்ஃபோனில் உங்கள் குரலே தாமதமாகக் கேட்டால் பஃபர் அளவை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

படி 5: மிக்ஸ்

முதலில் கிக்கையும் பேஸையும் மட்டும் ஒலிக்கவிடுங்கள். இரண்டும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே இடத்துக்கு முட்டும். 60 கிக்குக்கு என்றால் பேஸில் அதைக் கொஞ்சம் குறைத்து, 100 பக்கம் பேஸுக்கு விடுங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். அங்கே இருப்பது பெரும்பாலும் மேசை அதிர்வும் ஃபேன் இரைச்சலும்தான். அப்புறம் மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். சிந்த் காணாமல் போனால் அதன் ஸ்டீரியோ விரிவைக் குறையுங்கள்.

பாணி கலந்த ஆல்பத்துக்கென்று ஒரு வேலை உண்டு. எல்லாப் பாட்டின் பல்லவியிலிருந்தும் பத்து நொடி வெட்டி அடுத்தடுத்து ஒட்டி, குரலை மட்டும் கவனியுங்கள். ராக் பாட்டில் குரல் தூரத்திலும் நாட்டுப்புறப் பாட்டில் காதுக்குள்ளும் இருந்தால், அங்கேதான் ஸ்டேஷன் மாறுகிறது.

படி 6: மாஸ்டரிங் (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சரிசெய்தல்)

ஸ்பாட்டிஃபை இயல்பாக -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒலியைச் சமப்படுத்துகிறது. அதற்காக ஒவ்வொரு பாட்டையும் -14-க்கு இழுக்காதீர்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது அங்கே பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். மெதுவான பாட்டு மெதுவாகவே இருக்கட்டும். ட்ரூ பீக் (ஒலி உண்மையில் தொடும் உச்சம்) -1 டெசிபலைத் தாண்டக்கூடாது.

படி 7: அனுப்பும் முன்

யார் எழுதியது, யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 கொண்ட ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு) வேண்டும். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனங்கள் பலவும் அதைத் தாங்களே கொடுத்துவிடும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவிடம் பாட்டை முன்வைக்க, வெளியீட்டுக்கு முன்பே அது அங்கே ஏறியிருக்க வேண்டும்; குறைந்தது 7 நாள் விடுவது நல்லது. நான் நாலு வாரம் விட்டுத்தான் தேதி குறிப்பேன். முதல் தடவை கவர் படத்தின் அளவு தவறி, எல்லாம் திரும்பி வந்தது.