படகு இன்ஜின் அதிர்கிறதா? ஷாஃப்டில் கை வைக்குமுன்

சேலத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. ஏற்காடு ஏரியில் மிதிபடகு மிதிப்பதோடு நம் படகு அனுபவம் முடிந்தது. அப்படியும் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு, புதுச்சேரியிலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகின் ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் சுற்றைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகும் தண்டு, வந்து இறங்கியது. 25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

“அண்ணே, இன்ஜின் ஓடினா அதிருது, ஷாஃப்ட் வளைஞ்சு போச்சு, நேராக்கிக் குடுங்க” என்றார் படகுக்காரர். வி வடிவத் தாங்கியான வி பிளாக்கில் வைத்து, கோணலை முள்ளில் காட்டும் டயல் கேஜ் போட்டுச் சுற்றினேன். முள் அசையவே இல்லை; ஷாஃப்ட் நேராகத்தான் இருந்தது.

“நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதிர்கிறதா?” என்று போனில் கேட்டேன். பார்க்கவில்லையாம். முதல் தவறு அதுதான். நியூட்ரலிலும் அதிர்ந்தால் கோளாறு இன்ஜினிலோ அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிலோ. கியர் போட்டால் மட்டும் அதிர்ந்தால் கப்ளிங் (இன்ஜின் பக்கத்தையும் ஷாஃப்டையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பூட்டும் இரண்டு வட்டுகள்), ஷாஃப்ட், பேரிங், விசிறி என்று பின்பக்கமாகத் தேட வேண்டும். விசிறியில் சுற்றிய நைலான் கயிறும் இறக்கையில் சிப்பிபோல ஒட்டி வளரும் கடல் உயிரியான கொட்டலசும்கூடப் படகையே உலுக்கும்.

ஷாஃப்டைப் படகிலிருந்து கழற்றாமலே அதன் வளைவைச் சோதிக்கலாம். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட் தன் எடையில் தொங்காதபடி தாங்கிப் பிடித்து, இரண்டு முகங்களையும் ஒட்ட வையுங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள முகத்துக்கு 0.1 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் போனால், ஷாஃப்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இடைவெளியும் கூடவே சுற்றி வந்தால் ஷாஃப்டோ அதன் கப்ளிங் முகமோ கோணல். நின்ற இடத்திலேயே நின்றால் இன்ஜின்தான் இடம் மாறியிருக்கிறது. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்திருந்தால், அந்த ஷாஃப்ட் 200 கிலோமீட்டர் பஸ் ஏறியிருக்காது.

இதையும் கரையில் வைத்துப் பார்க்கக் கூடாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு லேசாக வடிவம் மாறும். கரையில் எடுத்த அளவு அங்கே பொய்யாகும். இறக்கி, ஓரிரு நாள் விட்டு அளப்பது நல்லது.

அப்புறம், நம்மூர்ப் பழக்கம் ஒன்று. கிணற்றுமேட்டு டீசல் பம்ப்செட் ஆடினால் ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கிவிடுவோம். கான்கிரீட்டில் அது சரி. படகு இன்ஜினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, இரண்டு சிலிண்டர் டீசல் ஐடிலில் குலுங்குவது இயல்பு. அதை ரப்பர் வாங்கிக்கொள்ளும். ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று கட்டையைச் செருகினால் அதிர்வு முழுவதும் படகுக்குள் இறங்கும்.

அவர் திரும்பப் பூட்டி, தண்ணீரில் அளந்தபோது இடைவெளி நின்ற இடத்திலேயே நின்றது. டீசல் ஃபில்டருக்குக் கீழே இருந்த மவுண்ட், கசிந்த டீசலில் ஊறிக் கொழகொழவென்று அமுங்கியிருந்தது. கசிவை அடைத்துப் புது மவுண்ட் போடச் சொன்னேன். புது ரப்பரும் கொஞ்சம் இறங்கும் என்பதால், சில மணி நேரம் ஓடியதும் ஃபீலர் கேஜை இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.