ஃப்ரிட்ஜ் டிஸ்பென்சரில் தண்ணீரோ ஐஸோ வரவில்லையா? பார்ட் மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களோடு போய் நிற்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான். "டிஸ்பென்சரில் தண்ணீர் வரவில்லை" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்துவிடுகிறது. லாக் பட்டன் விழுந்திருக்கிறதா, ஐஸ் மேக்கர் ஆஃபில் இருக்கிறதா என்பதெல்லாம் எந்த மேனுவலிலும் இருக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன். பணத்தையும் நாட்களையும் விழுங்குகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சத்தத்தைக் கேட்காமல் கழற்றுவது

டிஸ்பென்சர் லீவரை ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே காதை வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் இன்லெட் வால்வு அங்கேதான் இருக்கும். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் வால்வைத் திறக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மின்சாரம் வந்து சேர்கிறது என்று அர்த்தம். அப்படியானால் லீவர் ஸ்விட்ச், கதவு ஸ்விட்ச், கன்ட்ரோல் போர்டு, ஒயர் எல்லாம் தங்கள் வேலையைச் செய்கின்றன. தேட வேண்டியது தண்ணீர் வரும் வழியை: சுவரில் இருக்கும் வால்வு, பின்னால் மடங்கிக் கிடக்கும் ட்யூப், அடைத்த ஃபில்டர், உறைந்த குழாய், வால்வு வாயில் இருக்கும் சின்ன வலை.

சத்தமே இல்லை என்றால்தான் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் கதவு ஸ்விட்ச். கதவு திறந்திருப்பதாக ஃப்ரிட்ஜ் நினைத்துக்கொண்டிருந்தால் டிஸ்பென்சர் வேலை செய்யாது. அடுத்து லீவருக்குப் பின்னால் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச், கீல் பக்கம் கதவோடு மடங்கி மடங்கி அறுந்துபோகும் ஒயர், கடைசியில்தான் வால்வு காயில்.

தண்ணீர் மட்டும் வரவில்லையா, ஐஸ் மட்டும் வரவில்லையா, இரண்டுமேவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான வால்வுகளில் தண்ணீருக்கு ஒரு காயில், ஐஸுக்கு ஒரு காயில் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

ஐஸ் உருகியதை ரிப்பேர் என்று நம்புவது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வரவைப்பது இதுதான்.

ஒரு வீட்டில் ஐஸ் வருவது நின்றுபோனது. வந்தவர் ஐஸ் மேக்கரை மாற்றினார். ஐஸ் விழுந்தது. சில வாரங்களில் மறுபடி நின்றது. அடுத்து வந்தவர் இன்லெட் வால்வை மாற்றினார். மறுபடியும் கொஞ்ச நாள் நன்றாக ஓடி நின்றது. நான் போனபோது போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் அந்தச் செலவுக்கும் தயாராகிவிட்டார். கழற்றிப் போட்ட பழைய ஐஸ் மேக்கர் அட்டைப் பெட்டியோடு அங்கேயே இருந்தது. சோதித்தால் அதில் ஒரு குறையும் இல்லை.

பார்ட் மாற்றும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்குகிறோம். ஃப்ரீசர் கதவைத் திறந்து போட்டு வேலை செய்கிறோம். அந்த நேரத்தில் உள்ளே உறைந்திருந்த குழாய் தானாக இளகிவிடுகிறது. எந்தப் பார்ட்டை மாற்றியிருந்தாலும், எதையுமே மாற்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும்கூட, மறுநாள் ஐஸ் விழுந்திருக்கும். மாற்றியவருக்கும் திருப்தி, காசு கொடுத்தவருக்கும் திருப்தி. ஆனால் குழாய் ஏன் உறைந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்சில் தடிமனில் ஒரு ஐஸ் குச்சி அதை முழுக்க அடைத்திருந்தது. ட்ரேயில் கடைசியாக உறைந்த கட்டிகள் சின்னதாக, நடுவில் குழியோடு இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் அழுத்தத்தின் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

காரணம் இன்லெட் வால்வு மூடுகிற விதத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். மின்சாரம் வந்தால் திறக்கும். மின்சாரம் நின்றதும் ஒரு சின்ன ஸ்பிரிங் மூடுவதைத் தொடங்கிவைக்கும். ஆனால் ரப்பரை இறுக அமுக்கி மூட வைப்பது குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் குறைந்தால் வால்வு முழுசாக மூடாது. சொட்டுச் சொட்டாகக் கசியும். ட்ரே நிரம்பும் அளவுக்கு வேகமாக வந்தால் தண்ணீர் உறைவதற்கு முன் கீழே போய்விடும். ஒவ்வொரு சொட்டாக வந்தால் குழாயின் வாயிலேயே உறைந்துவிடும். அதன்மேல் அடுத்த சொட்டு. சில வாரங்களில் குழாய் அடைத்துக்கொள்ளும். அதே அழுத்தத்தில் புது வால்வைப் போட்டாலும் அதுவும் அப்படியேதான் கசியும்.

பெரும்பாலான ஃப்ரிட்ஜ்கள் கேட்கும் அழுத்தம் 20 முதல் 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு, psi) வரை. சில மாடல்கள் கீழ் எல்லையை இன்னும் அதிகமாக வைத்திருக்கும். மேனுவலில் எண் இருக்கும். அழுத்தம் காட்டும் கேஜ் இருந்தால் அளந்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கெட் போதும். பிளக்கைப் பிடுங்கி, சுவர் வால்வை மூடி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ட்யூபைக் கழற்றி, அதன் முனையைப் பக்கெட்டுக்குள் பிடித்துக்கொண்டு வால்வைத் திறக்கவும். தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அந்த வீட்டில் நூல் மாதிரி வந்தது. தண்ணீர்க் குழாயில் ஊசியால் துளை போட்டு மாட்டும் சேடில் வால்வு ஒன்றை வைத்திருந்தார்கள். அந்தத் துளை சுண்ணாம்புப் படிவால் ஏறக்குறைய மூடியிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, ஒழுங்கான 'T' வடிவ இணைப்பும் பால் (ball) வால்வும் போட்டதோடு பிரச்சினை முடிந்தது. போர்டைத் தொடவே இல்லை.

சரி, அழுத்தம் சரியாக இருந்தும் கசிந்தால்? அப்போது வால்வைச் சந்தேகப்படலாம். பிளக் பிடுங்கிய நிலையில், வால்விலிருந்து ஐஸ் மேக்கருக்குப் போகும் ட்யூபை மட்டும் கழற்றுங்கள். சுவர் வால்வு திறந்தே இருக்கட்டும். அந்த வாயைத் துடைத்துவிட்டு, கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துக் காத்திருங்கள். மின்சாரமே இல்லாத வால்விலிருந்து தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு பேப்பர் நனைந்தால், உள்ளே துகள் சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் போய்விட்டது. இப்போது மாற்றுங்கள்; அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆர்ஓ தண்ணீரை அப்படியே கொடுப்பது

மேலே சொன்ன கதையின் இன்னொரு வாசல் இது. ஆர்ஓ மெஷினின் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. டேங்க் காலியாகக் காலியாக இன்னும் இறங்கும். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஃபில்டரும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஃப்ரிட்ஜ் ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை நேராக விடும் பைபாஸ் மூடி போட முடியுமா என்று பாருங்கள். அப்படியும் போதவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப்.

கதவுக்குள் உறைந்த ட்யூபை மறப்பது

ஃப்ரீசர் கதவிலேயே டிஸ்பென்சர் இருக்கும் பக்கவாட்டு (சைட்-பை-சைட்) மாடல்களில் இது அடிக்கடி வரும். ஐஸ் நன்றாக விழும், ரீங்காரம் கேட்கும், தண்ணீர் மட்டும் வராது. கதவின் அடியில் கீல் பக்கம் ட்யூப் இணைப்பைக் கழற்றி, கதவுக்குள் போகும் துண்டில் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் உறைந்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்த வேண்டாம், ட்யூப் கிழிந்தால் கதவுக்குள் கையை விட்டுச் சரிசெய்ய முடியாது. ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தாலே இளகும்.

இளகிய பிறகு ஃப்ரீசர் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கும் கீழே இறக்கி வைத்திருப்பவர்களின் வீட்டில்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது. வெப்பநிலை சரியாக இருந்தால், மறுபடி டிஷ்யூ பேப்பர் சோதனை.

ஐஸைக் குத்தி எடுப்பது

கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். கூலிங் குழாய் ஓட்டையானால் அத்தோடு ஃப்ரிட்ஜ் போச்சு, உள்ளே இருக்கும் கேஸ் ஆர்600ஏ என்றால் அது தீப்பற்றக்கூடியதும்கூட.

ஃபில்டர் மாற்றியதும் சொட்டுகிறது என்று வால்வை மாற்றுவது

புது ஃபில்டர் போட்டதும் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். லீவரை விட்ட பிறகு அந்தக் காற்று விரிந்து மிச்சத் தண்ணீரைத் தள்ளும், நாசில் சொட்டும். இது வால்வின் கோளாறு இல்லை. விட்டு விட்டு அழுத்திப் பல லிட்டர் தண்ணீரை வெளியேற்றினால் காற்றும் போகும், ஆரம்பத்தில் வரும் கருப்புக் கரித்தூளும் போகும். அதற்கப்புறமும் மணிக்கணக்கில் நிற்காமல் சொட்டினால் மட்டும் வால்வுப் பக்கம் போங்கள்.

ஒரு நாள் பொறுக்காதது

புதிதாக இணைத்த ஐஸ் மேக்கர் முதல் ஐஸ் போட 24 மணி நேரம் வரை ஆகலாம்.

ஐஸ் கட்டி கட்டியாக ஒட்டுவதற்கு மோட்டாரைக் குறை சொல்வது

ஐஸ் பக்கெட்டில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிட்டால் ஐஸை வெளியே தள்ளும் திருகு மோட்டார் சுற்ற முடியாமல் திணறும். மோட்டாரை மாற்றச் சொல்லுமுன் ஐஸ் வெளியே விழும் வாயைப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன மூடி இருக்கும். ஐஸ் எடுத்த பிறகு பல மாடல்களில் அது சில வினாடிகள் கழித்துத்தான் மூடும், அது சரியே. ஆனால் ஒரு ஐஸ் சில்லு இடுக்கில் சிக்கி மூடி அரைகுறையாக நின்றால், வெளியே இருக்கும் ஈரக் காற்று நாள் முழுக்க உள்ளே போகும். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சில்லை எடுத்து, வெதுவெதுப்பான துணியால் மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்து நன்றாக உலர வையுங்கள். பக்கெட்டில் இருக்கும் ஐஸ் முழுவதையும் கொட்டிவிட்டு, பக்கெட்டைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புது ஐஸ் சேர்ந்தபின் மோட்டார் தடையில்லாமல் சுற்றினால் அதைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.